உள்ளங்கால் வலி: நாரா, மெத்தையா, நரம்பா?

உள்ளங்கால் வலி என்றதும் எல்லாரும் "எங்கே வலிக்கிறது?" என்றுதான் கேட்கிறார்கள். "எப்போது வலிக்கிறது?" என்று கேட்டால் இன்னும் சீக்கிரம் பிடிபடும் என்பேன்.

காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி ஏறியதுபோல் சுருக்கென்று குத்தி, கொஞ்சம் நடந்ததும் தணிகிறதா? நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி குத்துகிறதா? அப்படியென்றால் முதல் சந்தேகம் பிளான்டர் ஃபேசியைட்டிஸ் மேல். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை வில்லின் நாண்போல ஒரு நார்ப்பட்டை ஓடுகிறது. அது எலும்போடு சேரும் இடத்தில், குதிகாலின் உட்பக்கமாக, நைந்துபோகிறது. இரவு முழுக்கத் தளர்ந்து கிடந்த பட்டை முதல் அடியில் திடீரென இழுபடுவதால்தான் அந்தக் குத்தல். பெருவிரலை மேல்நோக்கி வளைத்தாலே சிலருக்கு வலிக்கும்.

இதோடு அடிக்கடி குழம்புவது குதிகால் கொழுப்பு மெத்தை மெலிவது. இதில் வலி குதிகாலின் நட்டநடுவில், அடிபட்ட இடம்போல மந்தமாக இருக்கும். காலையைவிட, கடினமான தரையில் வெறுங்காலோடு நிற்க நிற்கத்தான் கூடும். இரண்டையும் பிரித்தறிய வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. நார் வலிக்குச் சிலசமயம் போடும் ஸ்டீராய்டு ஊசி, இந்த மெத்தையை மேலும் மெலிய வைத்துவிடலாம். மெத்தை வலிக்கு மெத்தென்ற செருப்பே முதல் மருந்து.

நரம்பு வலி வேறு ரகம். எரிச்சல், ஊசி குத்தல், மரத்துப்போதல். ஓய்வாகப் படுத்த பிறகும் விடாது. ஒரே காலில் என்றால் கணுக்காலின் உட்பக்கம் நரம்பு நெருக்கப்பட்டிருக்கலாம். இரண்டு பாதமும் சேர்ந்து எரிந்தால் முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள்.

சரி, எக்ஸ்ரேயில் தெரியும் குதிகால் முள், அதாவது குதிகால் எலும்பில் முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் வளர்ச்சி? வலியே இல்லாத பலருக்கும் அது உண்டு. பழியை உடனே அதன்மேல் போட வேண்டாம்.

நார் வலிதான் என்றால், கட்டிலை விட்டு இறங்கும் முன்பே விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக இழுத்து 10 விநாடி வைத்திருங்கள், 10 முறை. பலருக்குச் சில மாதங்களில் குறையும், பொறுமை வேண்டும். ஆனால் குதிகாலை இரு பக்கமும் உள்ளங்கைகளால் அழுத்தும்போது உயிர் போகிறதென்றால் எலும்பில் கீறல் இருக்கலாம். அப்போது இந்தப் பயிற்சியெல்லாம் வேண்டாம், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.