என்ன லைட் என்று கேட்டுவிட்டுப் பவளம் விற்கும் கடை

சிங்கப்பூரில் செராங்கூன் நார்த் பக்கம் உயிர்ப் பவளம் விற்கும் சின்னக் கடை ஒன்று இருக்கிறது. கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் அங்கே போங்கள். விலை கேட்டால் உடனே சொல்ல மாட்டார்கள். "வீட்ல என்ன லைட் வெச்சிருக்கீங்கண்ணே, தண்ணியக் குளிர வைக்கிற சில்லர் இருக்கா?" என்றுதான் அங்கே வேலை பார்க்கும் தம்பி ஆரம்பிப்பார். அந்தக் கேள்விக்காகவே ஐந்து நட்சத்திரம் கொடுக்கலாம்.

ஏனென்றால் நாம் பவளத்தை மட்டும் வாங்குவதில்லை. அதன் சதையில், செல்லுக்கு உள்ளேயே, கண்ணுக்குத் தெரியாத பாசி லட்சக்கணக்கில் குடியிருக்கிறது. வெளிச்சத்தை வைத்து அது சர்க்கரை, கிளிசரால், கொழுப்பு என்று தயாரித்து, நல்ல வெளிச்சத்தில் அதில் 90 சதவீதம் வரைகூடப் பவளத்துக்கே கொடுத்துவிடும். பவளம் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடும் அம்மோனியாவும் பாசிக்குப் போய்ச் சேரும். லைட் சரியில்லை என்றால் தீனி எவ்வளவு போட்டாலும் பெரும்பாலான பவளங்கள் மெலிந்துகொண்டேதான் போகும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஓரத்தில் நிழலாக வைத்திருக்கும் தொட்டி. அதில் இருக்கும் ஆரஞ்சு நிறச் சூரியப் பவளத்துக்குள் இந்தப் பாசி கிடையாது, அதனால் தம்பி சிரிஞ்சில் இறால் கூழை எடுத்து ஒவ்வொரு வாயாக ஊட்டுகிறார், மஞ்சள் விரல்கள் மெல்ல மடங்கி அதை உள்ளே இழுக்கின்றன, பார்த்துக்கொண்டே நிற்கலாம். இப்படி விடாமல் ஊட்ட முடியுமா என்று கேட்டுவிட்டுத்தான் அதை விற்கிறார்கள்.

வேறொரு கடையில் வெளிறிப்போன பவளத்தை நீல விளக்குக்கு அடியில் வைத்து, அபூர்வ நிறம் என்று கூடுதல் விலை சொன்னார்கள். பார்க்கவே கோபம் வந்தது. பவளத்தில் தெரியும் பழுப்பு நிறம் பாசியோடது, அது போய்விட்டால் பவளம் பட்டினி. 2016லும் 2024லும் கடல் சூடேறி நம் தெற்குத் தீவுகளில் நடந்ததும் அதுதான். இங்கே வெளிறியதை விற்பதில்லை, தனித் தொட்டியில் வைத்துத் தேற்றுகிறார்கள்.

குறை என்றால், விலைச் சீட்டு எதிலும் இல்லை, சனி ஞாயிறு உள்ளே நிற்கவே இடமிருக்காது.

அப்புறம், போன தடவை மச்சான் ராட்சதச் சிப்பி கேட்டார். அதுவும் தன் சதையில் பாசி வளர்த்துச் சாப்பிடுகிற உயிர்தான். கையில் காசோடு நின்றவரிடம், "உங்க லைட் பத்தாதுண்ணே, மாத்திட்டு வாங்க, தர்றேன்" என்று தம்பி திருப்பி அனுப்பிவிட்டார்.