பிரசவ வார்டில் ஹெச்.பி.வி.: வைத்தியம் சரி, பேச்சுதான் சரியில்லை

தங்கையின் பிரசவத்துக்காக லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தேன். ஆஸ்பத்திரி எப்படி என்று பலர் கேட்டதால் எழுதுகிறேன், அவள் சம்மதத்தோடு. வைத்தியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கடைசி மாதச் செக்கப்பில் பிறப்புறுப்பருகே சின்னச் சின்ன மருக்கள் தெரிந்தன. பயிற்சி மருத்துவர் கேஸ் ஷீட்டில் 'ஹெச்.பி.வி.' (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், பெரும்பாலும் உடலுறவில் பரவி இப்படி மருவை உண்டாக்கும் வைரஸ்) என்று எழுதி அனுப்பிவிட்டார். அதை வாங்கிய நர்ஸ், கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, "ஹெச்.பி.வி. கேஸ் யாரும்மா?" என்று சத்தமாகக் கூப்பிட்டார். தங்கை தலையைத் தூக்கவே இல்லை. மாப்பிள்ளையை உள்ளேயே விடவில்லை. வராந்தாவில் என்னை ஓரங்கட்டி, "மச்சான், என்னாலதான் வந்திருக்குமோ? புள்ளைக்கும் ஒட்டிக்குமா?" என்றார். நான் என்னத்தைச் சொல்ல!

மறுநாள் பெரிய டாக்டர் இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசினார். முதல் நாளே இதைச் செய்திருந்தால் ஒரு ராத்திரித் தூக்கம் மிஞ்சியிருக்கும். இந்த வைரஸில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டாம். இந்த மாதிரி மருக்களுக்குப் பெரும்பாலும் 6, 11 என்ற வகைகள்தான் காரணம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் முக்கியமானவை 16, 18. உடம்பில் வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் கிடக்கும் என்பதால், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று விசாரணை நடத்துவதில் அர்த்தமே இல்லை என்றார். மாப்பிள்ளை தனக்கும் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். ஆண்களுக்கு இதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட டெஸ்ட் கிடையாது என்று பதில் வந்தது.

குழந்தை விஷயத்தை ஓ.பி. சீட்டின் பின்பக்கம் குரல்வளையை வரைந்தே விளக்கினார். பிரசவத்தின்போது வைரஸ் குழந்தைக்குப் போகலாம். பிறந்த குழந்தையின் வாயில் அதன் தடயம் தென்பட்டாலும் பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும். வெகு அரிதாகச் சில குழந்தைகளுக்குக் குரல்வளையில் மரு வளரும். அது பொல்லாதது, வெட்டி எடுத்தாலும் திரும்ப வரும், ஆபரேஷன் மேல் ஆபரேஷன் ஆகும். அப்போ சிசேரியன் பண்ணிடலாமே என்று தங்கை கேட்டாள். மரு பாதையை அடைத்தாலோ, ரத்தம் அதிகம் போகும் என்று பயமிருந்தாலோ ஒழிய, இதற்காக மட்டும் வயிற்றைக் கிழிப்பதில்லை. கிழித்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை என்றார். சுகப்பிரசவமே ஆனது.

குழந்தை டாக்டர் இரண்டே நிமிஷத்தில் முடித்துக்கொண்டார். பச்சைக்குழந்தைக்கு டெஸ்ட் வேண்டாம், தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். பின்னாளில் குரல் கம்மிக்கொண்டே போனாலோ, மூச்சை இழுக்கும்போது சத்தம் கேட்டாலோ காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டணும்.

இந்த வைரஸுக்கான தடுப்பூசியைக் கர்ப்பத்தில் போடுவதில்லை, பால் கொடுக்கும்போது போடலாம். ஆனால் இருக்கிற மருவை அது போக்காது. அது வருமுன் காப்பதற்கு. ஆஸ்திரேலியாவில் 2007-ல் பெண்களுக்குப் போட ஆரம்பித்த பிறகு, குழந்தைகளின் குரல்வளை மருவே குறைந்துவிட்டது.

சரி, தங்கையின் 11 வயதாகும் மூத்த பெண்ணுக்குப் போட்டுவிடலாம் என்று கிளம்பினோம். மகப்பேறு பிரிவில் கேட்டால் குழந்தைகள் பிரிவு என்றார்கள், அங்கே போனால் மறுபடி மகப்பேறு பிரிவு. கடைசியில் ஊசி போடும் அறையில் இருந்தவரிடம் எத்தனை வகைக்கான ஊசி என்று கேட்டேன். இரண்டு வகைக்கு மட்டுமான ஊசியில் 6-ம் 11-ம் இருக்காது. அவர் ஃபிரிட்ஜைத் திறந்து பெட்டியைத் திருப்பிப் படித்து, "நாலு சார், ஆறும் பதினொண்ணும் இருக்கு" என்றார். அன்றைக்கே முதல் டோஸ் போட்டாயிற்று.