சோழமண்டலம்: அச்சில் ஏறாத படங்களைப் பார்க்க

எனக்கு அச்சகத்தில் பிரீ-பிரஸ் வேலை, அதாவது அச்சுக்குப் போகும் முன் படங்களைத் தயார் செய்வது. எந்தப் படத்தைப் பார்த்தாலும் கருப்பு அடைத்திருக்கிறதா, சிவப்பு தூக்கலாக இருக்கிறதா என்றுதான் முதலில் கண் போகும். அந்தக் கண்ணோடு ஓவியக் கண்காட்சிக்குப் போகிறவன் எழுதுகிறேன், கலை விமர்சனத்தை எதிர்பார்க்க வேண்டாம். சென்னையில் ஓவியம் பார்க்க எங்கே போகலாம் என்று யாராவது கேட்டால், இஞ்சம்பாக்கத்தில் இருக்கிற சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத்தான் சொல்வேன்.

அரசாங்கமோ பணக்காரர் யாரோ கட்டிக்கொடுத்த இடமில்லை அது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரிடம் படித்தவர்களும் சேர்ந்து 1966-ல் தொடங்கியது. படிப்பை முடித்த பிள்ளைகள் வயிற்றுப்பாட்டுக்காக ஏதாவது வேலைக்குப் போய், படம் போடுவதையே விட்டுவிடுகிறார்கள் என்பது அவருடைய கவலை. அதற்குக் கண்ட வழி கைவினை. மெழுகு தடவிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணி உட்படப் பல பொருள்களைச் செய்து விற்று, அந்தக் காசில் கடற்கரையோரம் நிலம் வாங்கினார்கள், வீடும் பட்டறையும் கட்டிக்கொண்டார்கள். ஓவியம் விற்காத மாதத்தில் மெழுகும் சாயமும் சோறு போட்டன. இன்றைக்கு ஈ.சி.ஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், மனை விலை விசாரித்தவர்களுக்கு அந்த முடிவின் அருமை நன்றாகவே புரியும்.

உள்ளே நுழைந்ததும் மரநிழலில் கற்சிற்பங்கள். அவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் மியூசியத்துக்குப் போய்விடுங்கள். சென்னை ஓவியக் கல்லூரியைச் சுற்றி வளர்ந்த நவீன ஓவியப் போக்கை மெட்ராஸ் இயக்கம் என்று சொல்கிறார்களே, அந்த ஓவியர்கள், சிற்பிகளின் படைப்புகளுக்காகவே 2009-ல் திறந்தது. பார்க்கச் சிறு கட்டணம் உண்டு.

நான் அதிக நேரம் நிற்பது கே. ராமானுஜத்தின் கோட்டோவியத்துக்கு முன்னால்தான். பேனாவும் மையும். மாளிகை, அதன் மேல் இன்னொரு மாளிகை, இறக்கை முளைத்த மிருகங்கள், எங்கோ ஒரு மூலையில் தொப்பி போட்ட ஆள். அந்த ஆள் ராமானுஜமேதான் என்பார்கள். இதே கிராமத்தில் வாழ்ந்து, 1973-ல் இளம் வயதிலேயே இறந்துபோய்விட்டார். இந்த மாதிரிப் படத்தைப் புத்தகத்தில் அச்சடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே இருக்கிற மயிரிழை வெள்ளை, காகிதத்தில் மை பரவியதும் அடைந்துவிடும். நிழல் பகுதி ஒரே கருப்புத் திட்டாகிவிடும். நேரில் பார்த்தால் அந்தக் கருப்புக்குள்ளேயே கல் கல்லாகச் சுவர் எழும்புவது தெரிகிறது. கோடு தொடங்குமிடத்தில் மை கொஞ்சம் தடித்திருக்கிறது, போகப்போக மெலிகிறது. கை எந்தப் பக்கம் இழுத்தது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்கள் வேறு ரகம். கட்டங்கள், எண்கள், நெருக்கமாக எழுத்துகள். தூரத்திலிருந்து பார்த்தால் மலையாளம் போலத் தெரியும், கிட்டே போனால் எந்த மொழியாகவும் இருக்காது. கூட வந்திருந்த அக்கா மகள் ஒன்பதாவது படிக்கிறாள். மூக்கு படாத குறையாகக் குனிந்து பார்த்துவிட்டு, "மாமா, ஜாதகம் மாதிரி இருக்கு. ஆனா யாரோட ஜாதகம்னு தெரியல" என்றாள். அதற்கு மேல் விளக்கம் சொல்ல என்னிடமும் எதுவும் இல்லை.

உலோகச் சிற்பங்களைப் பக்கவாட்டில் சுற்றி வந்தும் பாருங்கள். கோயிலில் சாமிக்குச் சார்த்துகிற கவசம் தெரியுமல்லவா, அந்த வேலைப்பாட்டைத்தான் பி.வி. ஜானகிராம் தன் தாமிரத் தகடுகளுக்கு எடுத்துக்கொண்டார். தகட்டைத் தட்டி வளைத்து, மேலே கம்பியும் துண்டும் பற்றவைத்துக் கண், நகை, மடிப்பெல்லாம் கொண்டுவருவார். முன்பக்கம்தான் முகம், பின்பக்கம் வெறும் தகடு. பணிக்கரின் மகன் நந்தகோபாலின் சிற்பங்களும் முன்னால் நின்று பார்ப்பதற்கென்றே செய்தவை. பற்றவைத்த இடங்களை அவர் பெரும்பாலும் மறைக்கவில்லை. எங்கள் தொழிலில் நாலு கலரை எப்படிக் கலந்தாலும் தாமிரத்தின் பளபளப்பு வராது, பழுப்புதான் வரும். கேட்லாக்கில் பார்த்துவிட்டு இவையெல்லாம் மங்கலானவை என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

மியூசியம் போக, வெளியார் வாடகைக்கு எடுத்துக் கண்காட்சி நடத்துகிற காலரிகளும் உண்டு, இண்டிகோ, லேபர்னம் என்று. அங்கே என்ன மாட்டியிருக்கும் என்பது உங்கள் அதிர்ஷ்டம். நல்ல நீர்வண்ணம் பார்த்திருக்கிறேன். வரவேற்பறைச் சோபாவுக்கு மேலே மாட்டுவதற்கென்றே வரைந்த குதிரைகளையும் பிள்ளையார்களையும் பார்த்திருக்கிறேன். மியூசியத்தைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்தால், பாவம், இவை கொஞ்சம் அடிபடும். அதனால் நடுவில் வெளியே வந்து சிற்பங்களுக்கு நடுவே ஒரு சுற்று நடந்துவிட்டுப் போங்கள். காலையில் போனால் நல்லது, உச்சி வெயிலில் கல் சுடும்.

எனக்கு இங்கே பிடித்தது, யாரும் பின்னாலேயே வராததுதான். நகரத்துக்குள் ஒரு காலரியில், பெயர் வேண்டாம், நான் செருப்பைப் பார்த்து எடைபோடப்பட்டேன். ஒரு படத்தின் முன்னால் ரெண்டு நிமிடம் நின்றதும் விலைப்பட்டியலோடு ஒருவர் வந்தார். சரி, அது அவர்கள் வியாபாரம். ஆனால் விலை கையில் வந்தபிறகு படம் கண்ணில் ஏறவில்லை.

ஒரு விஷயம், சோழமண்டலத்தில் ஓவியர்கள் குடியிருக்கிறார்கள். திறந்திருக்கிற கதவெல்லாம் கண்காட்சிக் கதவு இல்லை. அழைக்காமல் உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள், காய்கிற துணியோடு சேர்த்து வீட்டைப் படம் பிடிக்காதீர்கள்.

பஸ்ஸில் வருகிறவர்கள் திருவான்மியூரிலிருந்து ஈ.சி.ஆர். வண்டியைப் பிடித்து இஞ்சம்பாக்கத்தில் இறங்கலாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் ரோட்டைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அங்கே வண்டிகள் பறக்கும். மகாபலிபுரம் போகிற வழியில் பத்து நிமிடம் இறங்கிப் பார்த்துவிடலாம் என்று காரில் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். அப்படிப் போனால் சிற்பங்களுக்கு முன்னால் செல்ஃபி எடுக்கத்தான் நேரம் இருக்கும். அரை நாள் ஒதுக்குங்கள். தென்னிந்தியப் பழைய வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கிற முட்டுக்காடு தட்சிணசித்ராவை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் கடைசியில் கால் வலிதான் ஞாபகம் இருக்கும்.