கட்டில் பின்ன பனைநாரா, தும்புக் கயிறா?

வேப்பமரச் சட்டத்தில் நைலோன் இல்லாமல் கட்டில் பின்ன வேண்டுமென்றால் இலங்கையின் வடக்கே வன்னியில் கைக்கெட்டும் பொருள்கள் இரண்டு: பனைநார், தேங்காய்த் தும்பில் திரித்த கயிறு.

பனைநாரை மட்டையிலிருந்து உரித்து, ஊறவைத்து, ஈரம் இருக்கும்போதே இழுத்துப் பின்ன வேண்டும். காய விட்டால் மடிக்கிற இடத்தில் வெடித்துவிடும். அப்புறம் அது விறைப்பாக நிற்கும், தொய்வு குறைவு, உடம்புக்கு வழுவழுப்பு. ஆனால் கார்த்திகை மழையில் திண்ணையில் விட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

தும்புக் கயிறு வேறு மாதிரி. தும்பில் ஏறத்தாழ 40 வீதம் லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்) இருப்பதால் ஈரத்துக்கு இலகுவில் உக்காது, உப்புத் தண்ணீரையும் தாங்கும். குறை என்னவென்றால் வெறும் முதுகில் குத்தும், பாரம் ஏற ஏற நீளும். அதனால்தான் பழைய கட்டில்களில் கால்மாட்டில் பின்னலை நிறுத்திவிட்டு, சட்டத்துக்கும் பின்னலுக்கும் நடுவே தனிக் கயிறு ஓட்டியிருப்பார்கள். தொய்ந்தால் அதை மட்டும் இழுத்து இறுக்கினால் போதும். எவ்வளவு நல்ல வடிவமைப்பு அது!

என்னைக் கேட்டால் படுக்கக் கயிறு, கதிரை இருக்கைக்கு நார். எதுவானாலும் பொலியூரித்தேன் வார்னிஷ் மட்டும் பூசாதீர்கள், பூசினால் அது மண்ணோடு மக்காது.