காட்பாடில டெம்பே கிடைக்குது, நம்பி வாங்கலாம்
காந்தி நகர் பக்கம் ஒரு கடை ஃப்ரீசர்ல பாத்து வாங்கினேன். வேகவச்ச சோயாவுல ரைசோபஸ் பூஞ்சை கலந்து 30 டிகிரி சூட்டுல ஒன்னு ரெண்டு நாள் விட்டா வெள்ளையா இழை ஓடி எல்லாம் ஒட்டி கெட்டியாயிடும், அதான் டெம்பே, இந்தோனேசியாக்காரங்க காலங்காலமா சாப்பிடுறது, 100 கிராம்ல கிட்டத்தட்ட 19 கிராம் புரோட்டீன், ஆடு மாடு வளக்குற அளவுக்கு நிலமும் தண்ணியும் வேணாம். லேசா கசக்கும், அதனால உப்பு மஞ்சத்தண்ணில கொதிக்கவிட்டு எண்ணெய்ல முறுக வறுத்து இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா காரக்குழம்புல போடுங்க, செம்ம! பன்னீர் மாதிரி மெத்துனு இருக்காது, மென்னு சாப்பிடணும். கறுப்பு புள்ளி இருந்தா பயப்படாதீங்க, அது பூஞ்சையோட வித்து தான், ஆனா அமோனியா நாத்தம் அடிச்சா தூக்கிப் போட்ருங்க. நம்ம வேலூர் வெயிலுக்கு வாங்கினதும் நேரா வீட்டு ஃப்ரீசருக்கு கொண்டு போயிடணும். விலை முட்டையை விட அதிகம், அதைக் கொஞ்சம் குறைக்கணும்.