இருட்டில் சைக்கிளுக்குப் பின்விளக்கு: டைனமோவா, சார்ஜ் லைட்டா, செல் லைட்டா?

நவம்பரில் இந்தக் கடலூர்–புதுச்சேரிக் கரையோரத்தில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து ஓல்டு டவுன் பக்கம் திரும்புபவர், அரியாங்குப்பத்தில் டியூஷன் விட்டு வீடு போகும் பிள்ளை, விடிவதற்கு முன்பே துறைமுகத்துக்கு மீன் எடுக்கக் கிளம்புபவர் என்று யாரானாலும் பின்விளக்கு வேண்டும். அதில் தகராறில்லை, எது என்பதில்தான். ரிமோட்டுக்குப் போடும் சின்னப் பென்சில் செல் இரண்டைப் போட்டு, கேரியரிலோ மட்கார்டிலோ போல்ட் வைத்து இறுக்கும் சாதாரண சிவப்பு எல்இடி விளக்குக்கே என் ஓட்டு. என் சைக்கிளில் இருப்பதும் அதுதான். கடையில் இதைக் கேட்டால் கொஞ்சம் ஏளனமாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

முதலில் ரேடியம் ஸ்டிக்கரையும் ரிஃப்ளெக்டரையும் இந்தப் போட்டியிலிருந்து விலக்கிவிடலாம். ஹெட்லைட் வெளிச்சம் பட்டால் வந்த வழியே திருப்பி அனுப்புவதுதான் அவற்றின் வேலை. பின்னால் வருவது ஒற்றைக் கண் மங்கலாக எரியும் நெல்லிக்குப்பம் கரும்பு டிராக்டர் என்றால் திரும்புவதும் மங்கல்தான். குறுக்குத் தெருவிலிருந்து திரும்பும் வண்டியின் வெளிச்சம் உங்கள் மேல் விழுவதற்குள் வண்டியே வந்துவிடும். ஆனால் செலவு சொற்பம், கெட்டுப்போகவும் ஒன்றுமில்லை, ஆகவே விளக்கோடு கூடவே இருக்கட்டும். பெடல் ரிஃப்ளெக்டரை மட்டும் கழற்றவே வேண்டாம்: ஏறி இறங்கும் இரண்டு புள்ளிகளைப் பார்த்ததும் முன்னால் போவது சைக்கிள் என்று டிரைவருக்குப் புரிந்துவிடும். பின் ரிஃப்ளெக்டர் செங்குத்தாக நிற்க வேண்டும். மட்கார்ட் வளைந்து அது வானத்தைப் பார்த்தால் இருந்தும் பயனில்லை. சைக்கிளோடு வரும் ரிஃப்ளெக்டர்களுக்கு ஒன்றிய அரசு 2020-ல் தரக்கட்டுப்பாட்டு ஆணையே போட்டிருக்கிறது. கடையில் கூடை, கேரியர் மாட்டும்போது அவற்றைக் கழற்றி மூலையில் வீசிவிட்டால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

டைனமோவுக்கு ஒரு பெரிய நியாயம் உண்டு: சார்ஜும் வேண்டாம், செல்லும் வேண்டாம். 6 வோல்ட், 3 வாட். அதில் முன் பல்புக்கு 2.4 வாட், பின் பல்புக்கு 0.6 வாட். வம்பு இந்தப் பங்கீட்டில்தான். ஓரளவு வேகம் எடுத்ததும் டைனமோ ஏறக்குறைய அரை ஆம்பியரை விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். முன் பல்பு ஃபியூஸ் ஆனால் அதன் பங்கும் பின்னால் பாயும், சின்னப் பல்பு தாங்காது. ஒரே நேரத்தில் இரண்டும் போச்சு. கரண்ட் திரும்பி வரும் பாதை சைக்கிள் ஃப்ரேம்தான் என்பதால் கிளாம்ப் ஸ்குரு பெயின்டைத் துளைத்து இரும்பைத் தொட்டாக வேண்டும். உப்புக் காற்றில் அந்த இடம் துருவேறியதும் விளக்கு மினுக்கத் தொடங்கும். பல்பை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள், கோளாறு ஸ்குருவில் இருக்கும். டயரில் உரசிச் சுழலும் டைனமோ உருளை மழையில் வழுக்கும். உருளையின் அச்சு சக்கரத்தின் நடுவை நோக்கி நிற்காவிட்டால் டயரின் பக்கவாட்டை அரம்போல் ராவிவிடும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, நின்றால் அணைந்துவிடுவது. தவளக்குப்பத்தில் வலப்பக்கம் திரும்புவதற்காக நடுரோட்டில் காலூன்றி நிற்கும் அந்த நேரத்தில்தான் பின்விளக்கு மிக அவசியம், அப்போதுதான் அது இருட்டு. ஓடும்போது கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் உள்ள எல்இடி பின்விளக்கு மாட்டினால் நின்ற பிறகும் சில நிமிடங்கள் எரியும். சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் டைனமோ இவற்றில் பாதித் தொல்லையைத் தீர்த்துவிடும், ஆனால் முன்சக்கரத்துக்கு ஸ்போக்ஸை முழுசாகப் பிரித்துக் கோக்க வேண்டும், விலையும் சாதாரண சைக்கிளின் விலையை நெருங்கும். கடலோரத்தில் பல வருடம் ஓடியதை நான் பிரித்துப் பார்த்ததில்லை, எனவே அதற்குத் தீர்ப்பு சொல்லவில்லை.

இனி சார்ஜ் லைட், அதாவது உள்ளேயே லித்தியம் செல் வைத்து, கேபிள் செருகிச் சார்ஜ் ஏற்றும் விளக்கு. இன்று கடையில் எடுத்து நீட்டுவது இதைத்தான். எடை குறைவு, வெளிச்சம் அதிகம், பத்து விதமாக மினுக்கும். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவருக்கு நானும் இதையே வாங்கச் சொல்லியிருப்பேன். இங்கே அதன் எமன் அந்தச் சார்ஜர் துளை.

நடப்பது இதுதான். துளையை மூடும் ரப்பர் மூடி வெயிலில் விறைத்து, ஒரு மழைக்காலம் போவதற்குள் சரியாக உட்காராமல் போகும். கடற்காற்றின் ஈரமும் சக்கரம் தெளிக்கும் தண்ணீரும் உள்ளே போய்க் காயும், உப்பு மட்டும் மிஞ்சும். வெறும் உப்பு மெதுவாகத்தான் அரிக்கும். வீட்டுக்கு வந்ததும் ஈரம் காயாமலே கேபிளைச் செருகுகிறோம் பாருங்கள், சேதம் அங்கேதான்: அந்த உப்பு ஈரத்தின் வழியாக 5 வோல்ட் பாய்ந்து, பின்களின் முலாம் கரைந்து பச்சையும் கறுப்புமாகப் பூத்துவிடுகிறது. பிறகு கேபிளை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும், அப்புறம் அதுவும் ஏறாது. உள்ளே செல் நன்றாகத்தான் இருக்கும், எல்இடியும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பெரும்பாலானவற்றைப் பசை வைத்தோ உருக்கியோ ஒட்டியிருப்பதால் திறக்க முடியாது, முழு விளக்கும் குப்பைக்குத்தான். சி-டைப் என்றால் பின்கள் இன்னும் நெருக்கம், உப்புக்கு இன்னும் வசதி. போதாததற்கு லித்தியம் செல் 3 வோல்ட் பக்கம் இறங்கியதும் உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் சட்டென்று துண்டித்துவிடும். பின்விளக்கு அணைந்தது ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒரே ஒரு பழக்கம் போதும்: வந்ததும் கழற்றித் துடைத்து, மூடியைத் திறந்து ஃபேன் காற்றில் வையுங்கள், சார்ஜ் போடுவது காலையில்.

செல் லைட்டில் அந்தத் துளையே இல்லை. உப்பு தொடுவது இரண்டு ஸ்பிரிங்கையும் இரண்டு தகட்டையும்தான், அவற்றைக் கையால் துடைக்கலாம். சிவப்பு எல்இடிக்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும் என்பதால் 1.2 வோல்ட் ரீசார்ஜ் செல் இரண்டே தாராளம். செல் 800 மில்லி ஆம்பியர்-மணி, விளக்கு இழுப்பது 60 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் விடாமல் 13 மணி நேரம் எரியும். தினம் ஒரு மணி நேரம் ஓட்டுபவர் பத்து நாளுக்கு ஒருமுறை செல்லை மாற்றினால் போதும். சார்ஜர் வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் இருக்கிறது, மாற்றுச் செல் இரண்டு பையில் இருக்கிறது. வழியில் விளக்கு மங்கினால் முள்ளோடைப் பெட்டிக்கடையில்கூடச் சாதாரணச் செல் கிடைக்கும்.

இதற்கும் குறை உண்டு. வெளிச்சம் சட்டென்று போகாமல் சிறுகச் சிறுக மங்குவதால் கண்ணுக்குப் பழகிவிடும். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு ஐம்பது அடி தள்ளி நின்று பார்த்தால்தான் தெரியும். கடைச் செல்லை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டால் கசிந்து ஸ்பிரிங்கைத் தின்னும். அந்த வெள்ளைப் படிவை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, காயவைத்து, ஸ்பிரிங்கில் வாசலின் லேசாகத் தடவ வேண்டும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது செல் ஒரு கணம் துள்ளினால் விளக்கு அணைந்தே போகலாம். பழைய டியூபில் அரை அங்குல அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டி மூடியைச் சுற்றி மாட்டினால் செல்லும் அசையாது, மழையும் இறங்காது.

மாட்டும் இடத்தைப் பலர் கவனிப்பதில்லை. சீட்டுக்குக் கீழே மாட்டினால் துப்பட்டா மறைக்கும், கேரியரில் மூட்டை வைத்தால் அதுவும் மறைக்கும். கேரியரின் பின்விளிம்பு அல்லது மட்கார்டின் நுனிதான் சரி. ரப்பர் பட்டை வெயிலில் வெடிக்கும் என்பதால் போல்ட், நைலான் நட். நெரிசலான தெருவில் மினுக்கும் விளக்கு கண்ணில் படும், ஆனால் மின்கம்பமே இல்லாத சாலையில் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிப்பது டிரைவருக்குக் கஷ்டம். அங்கே விடாமல் எரிய விடுங்கள்.

பின்விளக்கு மாட்டிவிட்டோம் என்று எதிர்த்திசையில் ஓட்டினால் அதைப் பார்க்க வேண்டியவர் கண்ணில் அது படாது. கடலூர் சாலையில் தடுப்புச் சுவர் திறப்பு வரைக்கும் போகச் சோம்பி இப்படி வருபவர்கள் உண்டு. விபத்து நஷ்டஈட்டு வழக்கில் விளக்கில்லாமலும் எதிர்த்திசையிலும் வந்ததைக் காட்டி, சைக்கிள்காரர் பக்கமும் அலட்சியம் உண்டு என்று வாதாடித் தொகையைக் குறைக்கப் பார்ப்பார்கள்.

முன்விளக்குக்கு மட்டும் சார்ஜ் லைட்டே இருக்கட்டும் என்பேன்: வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட் பக்கம் வேண்டும், கரண்டும் அதிகம் இழுக்கும், சின்னச் செல் ஈடுகொடுக்காது. பின்சக்கரத் தண்ணீரும் அதன்மேல் அவ்வளவாகப் படாது. வெளிச்ச அளவு 200 லூமென் என்று போட்டிருந்தால் போதும். ஐந்து மீட்டர் தள்ளி ஒரு சுவருக்கு நேராக நிறுத்தி, வெளிச்சத்தின் நடு விளக்கின் உயரத்தைவிட ஒன்றரை அடி கீழே விழும்படி சாய்த்து இறுக்குங்கள். எதிரே வருபவர் கண் கூசாது, சாலையில் பள்ளம் இருந்தால் உங்களுக்கும் தெரியும்.