ஸ்டீல் மண்டை ஓடும் ஸ்போக்கன் இங்கிலீஷும்: பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஞாயிறு வகுப்பு

வடசென்னையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பஞ்சமே இல்லை. பெரம்பூரிலிருந்து தண்டையார்பேட்டை வரை தெருவுக்கு ஒரு போர்டு தொங்குகிறது. உள்ளே போனால் பெரும்பாலும் ஒரே சரக்குதான்: பன்னிரண்டு டென்ஸ் அட்டவணை, மனப்பாடமாக ஒரு செல்ஃப் இன்ட்ரடக்‌ஷன், கடைசி நாளில் சான்றிதழ். தியாகராயா கல்லூரி மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மாடி ஹாலில் நடக்கும் இந்த ஞாயிறு வகுப்பில் டென்ஸ் அட்டவணை சுவரில்கூடக் கிடையாது. அங்கே மாட்டியிருப்பது ஒரு சமகாலக் கலைப் படைப்பின் படம். அதைப் பார்த்துப் பேசுவதுதான் பாடம். மொத்தம் 8 வாரம், வாரம் 2 மணி நேரம், கட்டணம் 1,600 ரூபாய்.

கேள்விகள் மூன்றேதான். ‘வாட்ஸ் கோயிங் ஆன் இன் திஸ் பிக்சர்?’, ‘வாட் டு யூ ஸீ தட் மேக்ஸ் யூ ஸே தட்?’, ‘வாட் மோர் கேன் வி ஃபைண்ட்?’ அதாவது படத்தில் என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள், இன்னும் என்ன தெரிகிறது. விஷுவல் திங்கிங் ஸ்ட்ராட்டஜீஸ் என்று இதற்குப் பெயர். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவுக்குத் தலைமை வகித்த பிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகேல் ஹௌசனும் சேர்ந்து உருவாக்கிய முறை. படம் பார்க்கப் பழக்குவதற்காக வந்ததே தவிர, ஆங்கிலம் சொல்லித்தர வந்ததல்ல. அதை மொழி வகுப்புக்குள் கொண்டுவரும்போது சில இடங்களில் அழகாகப் பொருந்துகிறது, சில இடங்களில் இடிக்கிறது. இந்த வகுப்பில் இரண்டுமே நடக்கிறது.

பொருந்தும் இடம் இரண்டாவது கேள்வி. ‘எதைப் பார்த்து?’ என்று கேட்டால் காரணம் சொல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. காரணம் சொல்லும் வாக்கியத்தை இலக்கணப் பயிற்சியாகக் கொடுத்தால் பத்து பேரும் ஒரே வாக்கியத்தை எழுதுவார்கள். இங்கே பத்து பேருக்கும் பத்துக் காரணம். ‘எ’, ‘தி’ தகராறும் பாதி இங்கேயே தீர்கிறது. முதல் தடவை சொல்லும்போது ‘எ ஸ்கல்’, அடுத்தவர் அதையே தொட்டுப் பேசும்போது ‘தி ஸ்கல்’. எல்லோர் கண்ணும் ஒரே பொருளின் மேல் இருப்பதால், எந்த மண்டை ஓடு என்ற குழப்பம் வருவதில்லை.

மண்டை ஓடு என்றதும் விஷயத்துக்கு வந்துவிடலாம். இரண்டாவது வாரத்துப் படம் இந்தியக் கலைஞர் சுபோத் குப்தா 2006இல் செய்த ‘வெரி ஹங்ரி காட்’. முழுக்க எவர்சில்வர் பாத்திரங்களை அடுக்கிச் செய்த ராட்சத மண்டை ஓடு. தள்ளி நின்றால் மண்டை ஓடு, கிட்டப் போனால் நம் வீட்டுச் சமையலறை. முதலில் ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது, பார்க்க மட்டும் வேண்டும். பிறகு இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு தமிழில் பேசலாம். இந்த இரண்டு நிமிடத்தை அனுமதித்தது நல்ல முடிவு. யோசனை ஓடிவிட்டால் மொழி பின்னாலேயே வரும். அதன் பிறகு 20 நிமிடம் ஆங்கிலம் மட்டும்.

ஒருவர் ‘இட் இஸ் லுக் லைக் சேட்’ என்கிறார். இது தமிழிலிருந்து நேராக இறங்கிய தவறு. நமக்கு ‘மண்டை ஓடு போல இருக்கு’, ‘சோகமா இருக்கிற மாதிரி இருக்கு’ எல்லாம் ஒரே வார்ப்பு. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் வந்தால் ‘லுக்ஸ் லைக்’, பெயரடை வந்தால் வெறும் ‘லுக்ஸ்’. மிஸ் திருத்தவில்லை. ‘ஸோ, ஃபார் யூ இட் லுக்ஸ் சேட்’ என்று திருப்பிச் சொல்லிவிட்டு, ‘வாட் டு யூ ஸீ…’ என்று அடுத்த கேள்விக்குப் போனார். ‘ஐஸ் (கண்கள்) ஆர் எம்ப்டி, மிஸ். லைக் நோ ரைஸ் இன் வெசல்’ என்று பதில் வந்தது. இலக்கணத்தில் ஓட்டைகள் உண்டு, ஆனால் அந்த வாக்கியத்தை எந்த அட்டவணையும் வரவழைத்திருக்காது. போர்டில் அன்றைக்கு ஏறிய சொற்கள்: லிட் (மூடி), ரிம் (விளிம்பு), ஹேண்டில் (கைப்பிடி), டென்ட் (நசுங்கல்), லேடில் (கரண்டி). தூக்கு, சொம்பு, கரண்டி எல்லாம் தினமும் கையில் புழங்குகிறவை, ஆங்கிலப் பெயர் மட்டும் தெரியாமல் இருந்தவை. பொருள் தெரிந்து பெயர் தெரியாதபோது கற்ற சொல்தான் நிற்கும். ‘மேட் ஆஃப் ஸ்டீல்’ என்ற செயப்பாட்டு வினையும் சும்மா கிடைத்தது.

இப்படித் திருப்பிச் சொல்வதில்தான் முழு வகுப்பும் நிற்கிறது. மாணவர் சொன்னதை அவர் நிலைக்கு ஒரு படி மேலே வைத்துச் சொல்ல வேண்டும். இரண்டு படி ஏற்றினால் அது ஆசிரியரின் கருத்தாகிவிடும். ‘குட்’, ‘கரெக்ட்’ சொல்லவே கூடாது. ஒருவருக்கு ‘குட்’ கிடைத்தால் அடுத்தவர் படத்தை விட்டுவிட்டு மிஸ்ஸின் முகத்தைப் பார்க்க ஆரம்பிப்பார். இவை இரண்டும் இங்கே சரியாக நடக்கின்றன. மூன்றாவது ஒன்று நடப்பதில்லை: திருப்பிச் சொன்ன பிறகு காத்திருப்பது. மாணவர் ‘எஸ் மிஸ்’ என்று தலையாட்டுகிறார், பேச்சு அடுத்தவரிடம் போய்விடுகிறது. வாயை மெல்ல அசைத்து அந்தத் திருத்திய வடிவத்தைச் சொல்லிப் பார்க்க மூன்று, நான்கு விநாடி போதும். அந்த இடைவெளி இல்லாததால் ஐந்தாவது வாரத்திலும் அதே நபர் ‘லுக் லைக் சேட்’ என்கிறார். கடைசிப் பத்து நிமிடத்தில் ஆளுக்கு ஐந்து வாக்கியம் எழுதச் சொல்கிறார்கள். எழுதியதைத் திருத்தித் தருவதில்லை, இது இன்னொரு குறை.

முதல் கேள்வியும் கொஞ்சம் இடிக்கிறது. ‘கோயிங் ஆன்’ என்பதை ஆரம்ப நிலையில் இருப்பவர்கள் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கிறார்கள். ‘நத்திங் இஸ் கோயிங், மிஸ்’ என்று ஒருவர் சொன்னது ஜோக் இல்லை. ஏ2 நிலைக்கு, அதாவது எளிய வாக்கியம் மட்டும் பேசத் தெரிந்தவர்களுக்கு, ‘வாட் டு யூ ஸீ?’ என்று தொடங்குவதே நல்லது. ஸீ, லுக், வாட்ச் மூன்றுக்கும் தமிழில் ‘பார்’தான் என்பதால் அந்த வித்தியாசத்தையும் அங்கேயே காட்டிவிடலாம்.

மூன்றாவது வாரம் சறுக்கல். வெறும் வண்ணப் பட்டைகள் கொண்ட ஒரு வெளிநாட்டு அரூப ஓவியம். பத்து நிமிடத்தில் ஹால் அடங்கிவிட்டது. இதில் வியப்பு இல்லை. புதிதாகப் படம் பார்க்கிறவர்கள் முதலில் கதைதான் தேடுவார்கள் என்பது ஹௌசனின் ஆய்வே சொல்வது. கதைக்கு ஆளோ, தெரிந்த பொருளோ வேண்டும். அரூபமே வேண்டுமென்றால் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை இருக்கிறது. ஜாதகக் கட்டம் போலவும் புரியாத கையெழுத்து போலவும் கோடுகள். குறைந்தது ‘ஐ கேனாட் ரீட் இட்’ என்றாவது தொடங்கலாம். கானா நாட்டுச் சிற்பி எல் அனாட்சுயியின் பாட்டில் மூடித் திரை நான்காவது வாரம் வந்து ஹாலை மீட்டது. மூடிகளைத் தட்டையாக்கிச் செம்புக் கம்பியால் கோத்தது, தூரத்திலிருந்து பட்டுச் சேலை. ‘லுக்ஸ் லைக்’ வேறு, ‘இஸ்’ வேறு என்று காட்ட இதைவிடப் பொருத்தமான படம் இல்லை.

ஆறாவது வாரம்தான் சிகரம். கொலம்பியக் கலைஞர் டோரிஸ் சல்செடோ 2007இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில் தரையை நீளவாக்கில் பிளந்துவைத்தார்: 167 மீட்டர் விரிசல், பெயர் ‘ஷிபோலேத்’. படத்தை மட்டும் காட்டியபோது ‘எர்த்க்வேக்’, ‘மெட்ரோ வொர்க்’ என்றெல்லாம் வந்தது. (மெட்ரோ தோண்டிய காலத்தைப் பார்த்தவர்கள் வேறென்ன சொல்வார்கள்.) பேச்சு முடிந்தபின் 80 சொல்லில் ஒரு தகவல் அட்டை கொடுத்தார்கள். முன்கூட்டிக் கொடுத்திருந்தால் எல்லோரும் அதையே ஒப்பித்திருப்பார்கள். ராயபுரத்திலிருந்து வரும் ஒரு அக்கா அட்டையைப் படிக்கும் முன்பே சொல்லிவிட்டார், அது பைபிளில் வரும் சொல் என்று. நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரம்: ஆற்றுத் துறையில் நிறுத்தி ‘ஷிபோலேத்’ சொல்லச் சொல்வார்கள், ‘சிபோலேத்’ என்றவனைக் கொன்றுவிடுவார்கள். உச்சரிப்பை வைத்து ஆளைப் பிரிப்பது. ச, ஷ தகராறும் பேட்டைத் தமிழும் சேர்ந்து இன்டர்வியூவில் சிரிப்புக்கு ஆளானவர்கள் நிறைந்த ஹால் அது. அன்றைக்கு 20 நிமிடம் 45 ஆனது, கேட்காமலே இறந்த காலத்தில் பேசினார்கள்: ‘தே லாஃப்டு’, ‘ஐ ஸ்டாப்டு டாக்கிங்’. அந்த விரிசலை 2008இல் அடைத்துவிட்டார்கள், தழும்பு இன்னும் தரையில் தெரியும் என்பதை மிஸ் கடைசியாகத்தான் சொன்னார்.

இனி ஏற்பாடுகள். ஒரு பேட்சில் 22 பேர். இந்த முறைக்கு அது கூட்டம். 12ஐத் தாண்டினால் ஆளுக்கு இரண்டு முறை பேசக்கூட நேரம் இருக்காது. படங்கள் ஏ3 அளவு, பளபள லேமினேஷன். டியூப்லைட் அப்படியே அதில் விழுந்து இடது பக்கம் உட்கார்ந்தவர்களுக்குப் பாதிப் படம் வெள்ளை. மேட் லேமினேஷன் போட்டாலே தீரும். ஏ3 படம் இரண்டு மீட்டர் தாண்டினால் நுணுக்கம் தெரியாது, பாத்திரப் படத்துக்கு நுணுக்கம்தான் உயிர். புரொஜெக்டர் இருக்கிறது, ஜன்னலுக்குத் திரை இல்லாததால் 11 மணிக்கு மேல் வெளிறிவிடுகிறது. அரைவட்டமாக நாற்காலி போடுகிறார்கள், அது நன்று.

எழுத்து கூட்டிப் படிக்கத் தெரிந்து, பேச மட்டும் தயங்குகிறவர்களுக்கு இந்த 1,600 ரூபாய் தகும். அடுத்த மாதம் இன்டர்வியூ, அதற்குள் பதில் தயாராக வேண்டும் என்பவர்களுக்கு இது உதவாது. வெளிநாடு செல்ல ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்கள் பேச்சுத் தேர்வுக்கு மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம்; எழுத்துக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். மாடிக்கு லிஃப்ட் இல்லை, படி செங்குத்து. எம்.சி. ரோடு பக்கம் ஞாயிறு துணிக் கடைக் கூட்டத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, மெட்ரோவே மேல். சேருமுன் ஒரு வகுப்பு சும்மா உட்கார்ந்து பார்க்க விடுகிறார்கள். எந்த வாரம் என்று கேட்டால், ஆறாவது என்று சொல்லுங்கள்.